எம்.ஐ.ஏ.: ஒட்டிய பாட்டும் ஒட்டாத அரசியலும்

கொழும்பில் தமிழர் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எம்.ஐ.ஏ. என்ற லண்டன் தமிழ் ராப் பாடகியின் பெயரை எடுத்துப் பாருங்கள். பாட்டைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: "அவர் புலி ஆதரவாளரா, இல்லையா?" கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது குற்றச்சாட்டாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். இருபது வருடமாக இதே கேள்விதான். அவர் என்ன பாடினார், பாட்டை எப்படிக் கட்டினார், உலகம் ஏன் திரும்பிப் பார்த்தது என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

பெயரை மட்டும் கேள்விப்பட்டு, ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டிராத இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாம்பிளிங் என்றால் என்ன என்று விளங்கினால் எம்.ஐ.ஏ.யில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு எங்கள் நாட்டின் வரலாறு கொஞ்சம் வேண்டும்.

முதலில் சாம்பிளிங். ராப் என்பது தாளத்தின் மேல் பேச்சை ஏற்றிச் சொல்வது. அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றினார் டி.ஜே. கூல் ஹேர்க். ஜமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பையன். பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகளில்தான் கூட்டம் வெறி பிடித்து ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தச் சில வினாடிகளையே மாற்றி மாற்றி நீட்டும் வித்தை அவருடையது. ஹிப்ஹொப் பிறந்த இடம் என்று அந்த விருந்தைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள். கையால் செய்த இந்த வேலையை 1980களில் கருவி எடுத்துக்கொண்டது. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அதன் மேல் புதுப் பாட்டைக் கட்டலாம். வெட்டியெடுத்த அந்தத் துண்டுதான் சாம்பிள்.

இதையும் மெட்டை எடுப்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. "இந்தப் பாட்டு எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதே" என்று சினிமாப் பாட்டுகளைப் பற்றி நாம் சொல்வோமே, அது பெரும்பாலும் மெட்டின் கதை. இசையமைப்பாளர் ஒரு மெட்டைத் தழுவி, தன் வாத்தியக்காரர்களை வைத்துப் புதிதாகப் பதிவு செய்கிறார். சாம்பிளிங்கில் பதிவே எடுக்கப்படுகிறது: அந்தப் பாடகரின் அதே மூச்சு, அந்த டிரம்ஸ்காரரின் அதே அடி. அதனால் இரண்டு பேரிடம் அனுமதி வேண்டும். பாட்டை எழுதி இசையமைத்தவருக்கு ஓர் உரிமை, பதிவுக்குச் சொந்தக்காரரான நிறுவனத்துக்கு இன்னோர் உரிமை. அமெரிக்காவில் 1991 வரை இது ஓரளவு கேட்பாரற்றுக் கிடந்தது. அந்த வருடம் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர், கில்பேர்ட் ஓ'சலிவனின் பாட்டிலிருந்து எடுத்ததற்காக நீதிமன்றத்தில் தோற்றார். திருடாதே என்ற விவிலியக் கட்டளையோடுதான் நீதிபதி தீர்ப்பையே தொடங்கினார். அன்றிலிருந்து சாம்பிள் என்றால் காசு. எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் படுக்கையறையில் மடிக்கணினி வைத்துப் பாட்டுச் செய்யும் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது புரட்டிப் பார்ப்பது நல்லது.

இனி எம்.ஐ.ஏ.யின் இரண்டாவது ஆல்பமான 'கலா'வுக்கு வருவோம். 2007 ஆகஸ்டில் வெளியானது. கடன் வாங்குவதில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அந்த ஒரே தட்டில் இருக்கின்றன.

முதல் பாட்டு 'பம்பூ பங்கா'. தொடக்கத்தில் வரும் சொற்கள், அமெரிக்கரான ஜொனதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' என்ற பழைய ரொக் பாட்டுக்கு உரியவை. அதை எம்.ஐ.ஏ. ஒரு போர் டாங்கியின் சோம்பலோடு உச்சரித்துக்கொண்டு வருகிறார். அதே பாட்டுக்குள் இன்னொரு துண்டும் கிடக்கிறது. ஆல்பத்தின் நன்றிக் குறிப்பைப் பார்த்தால் இளையராஜா. 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள'. எஸ்.பி.பி.யும் யேசுதாசும் சேர்ந்து பாடிய அந்தப் பொங்கல் பாட்டு இங்கே கல்யாண வீடுகளிலும் பஸ்களிலும் இன்றைக்கும் ஓய்வதில்லை. அமெரிக்க விமர்சகர்கள் 'ரோட்ரன்ன'ரை உடனே பிடித்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்ஸுக்காக நிற்கும் ஒருவர் 'காட்டுக்குயிலை' உடனே பிடித்துவிடுவார். இரண்டையும் ஒரே மூச்சில் பிடிக்கும் காது உலகத்தில் மிகக் குறைவு. அந்தக் காதுக்காகவே செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

'ஜிம்மி' என்ற பாட்டு வேறு வகை. 1982இன் ஹிந்திப் படமான 'டிஸ்கோ டான்ஸ'ரில் பப்பி லஹிரி இசையமைத்த பாட்டை எடுத்து, தன் குரலில் திரும்பப் பாடியிருக்கிறார். இது மறுபாடல், சாம்பிள் அல்ல. சிறு வயதில் விருந்துகளில் தன்னை ஆடவைத்த பாட்டு அது என்று சொல்லியிருக்கிறார். 'பேர்ட் ஃப்ளூ' இன்னொரு வகை. அதற்கு அவர் சென்னைக்குப் போய் உறுமிக்காரர்களை நேரடியாகப் பதிவு செய்தார். உறுமி என்பது தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைக்கும் மேளம். யாழ்ப்பாணத்துப் பெண் என்று உலகம் அறிந்த ஒருவர் தன் அடையாளமாகத் தேர்ந்துகொண்ட ஒலி, யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியின் தவிலும் நாதஸ்வரமும் அல்ல. தமிழ்நாட்டிலும், எங்கள் நாட்டில் மலையகத்துத் தோட்டங்களிலும் கேட்கும் ஒலி அது. மேட்டுக்குடி யாழ்ப்பாணம் காது கொடுக்காத ஒன்றை எடுத்து லண்டன் நடன அரங்குக்குக் கொண்டுபோனதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கடைசியில் 'பேப்பர் பிளேன்ஸ்'. இதைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். முதல் வினாடியிலிருந்து ஓடும் அந்தத் தளர்ந்த கிட்டார், இங்கிலாந்தின் 'த கிளாஷ்' குழு 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டிலிருந்து வெட்டியது. அந்தப் பாட்டே குடியேறிகளைப் பற்றியது. எந்த நாடும் ஏற்றுக்கொள்ளாத மனிதர்களைப் பற்றியது. அதன் மேல் எம்.ஐ.ஏ. போலி விசா வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணின் குரலில் பேசுகிறார். பல்லவி வந்ததும் சிறுவர்கள் பாடுகிறார்கள். அதன் அச்சு 1992இல் வந்த ஓர் அமெரிக்க நடனப் பாட்டின் பல்லவி. "எனக்கு வேண்டியதெல்லாம்" என்று தொடங்கும் வரி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அறுந்துவிடுகிறது. சொல் இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிகள். பின் துப்பாக்கியை ஏற்றும் உலோக ஒலி. பின் கடையின் காசுப்பெட்டி திறக்கும் மணி. உன் பணத்தை எடுத்துக்கொள்வதுதான் என்று பிள்ளைகள் முடித்துவைக்கிறார்கள்.

இந்த வெடிச்சத்தத்தை எம்.டி.வி. மழுப்பி ஒளிபரப்பியது. அமெரிக்காவின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலும் அதற்குக் கத்தரி விழுந்தது. வன்முறைக்குத் தூண்டுகிறார் என்றார்கள். ஆனால் பாட்டு பிறந்த கதை வேறு. 2006இல் அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்டதால், அங்கே பதிவு செய்யவிருந்த ஆல்பத்தை அவர் இந்தியா, லைபீரியா, ட்ரினிடாட், ஜமேக்கா, அவுஸ்திரேலியா என்று அலைந்து செய்து முடித்தார். குடியேறி என்றாலே பணம் பறிக்க வந்தவன், குண்டு வைக்க வந்தவன் என்று பார்க்கும் கண்ணைத்தான் அந்தப் பல்லவி நையாண்டி செய்கிறது. தூதரக வாசலில் கோப்பும் கையுமாக விடியற்காலையில் வரிசையில் நின்ற கொழும்புத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டோக் மில்லியனேர்' படத்திலும் வந்தது. அத்தோடு நிற்கவில்லை. ராப் பாடகர் டி.ஐ., எம்.ஐ.ஏ. பாடிய ஒரு வரியை வெட்டியெடுத்து, ஜே-சீ, கன்யே வெஸ்ட், லில் வேய்ன் ஆகியோரோடு 'ஸ்வாகா லைக் அஸ்' என்ற பாட்டைச் செய்தார். கிளாஷிடம் வாங்கியவரிடமிருந்து இவர்கள் வாங்கினார்கள். 2009 பெப்ரவரி 8ஆம் திகதி கிராமி மேடையில் அந்த நால்வருக்கும் நடுவில், கறுப்பு வெள்ளை ஆடையில், நிறைமாத வயிற்றோடு எம்.ஐ.ஏ. ஆடினார். பிள்ளை பிறக்க வேண்டிய நாளே அதுதான். மூன்று நாள் கழித்து மகன் பிறந்தான். அதே பருவத்தில் 'பேப்பர் பிளேன்ஸ்' கிராமிக்கும், ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ சாயா' ஒஸ்காருக்கும் பரிந்துரையாகியிருந்தன.

இந்த இடத்துக்கு அவர் வந்த வழி நீளமானது. மாதங்கி அருட்பிரகாசம், வீட்டில் மாயா, 1975 ஜூலை 18ஆம் திகதி மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். போர் மூண்டபோது குடும்பம் சிலகாலம் சென்னையில் இருந்தது, திரும்பி வந்தது, கடைசியில் 1986இல் தாயும் மூன்று பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். தென் லண்டனின் மிச்சம் பகுதியில் உள்ளூராட்சி மன்றத்தின் தொடர்மாடிக் குடியிருப்பு. தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பழகிக்கொண்டே, பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ஹிப்ஹொப்பை மாயா பழகினார். துண்டுத் துணிகளைப் பொருத்தி ஒரு சட்டை தைத்து முடிக்கும் கையின் பொறுமை அவருடைய பாட்டுகளில் இருக்கிறது. தைத்த இடம் தெரியாதபடி மறைக்கிற தையல்காரி அல்ல, வேண்டுமென்றே வேறு நிற நூலில் தைக்கிறவர்.

பாடகியாக வருவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் படித்தார். 'இலாஸ்டிகா' என்ற ரொக் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தார், அவர்களின் இசைச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடித்தார். அங்கேதான் தொடக்க நிகழ்ச்சி செய்த பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.505 என்ற பெட்டியை அவருக்குக் காட்டினார். தாளமும் பாஸ் என்ற அடித்தொனியும் உள்ளேயே அடங்கிய, மேசையில் வைத்துப் பொத்தான் தட்டிப் பாட்டுக் கட்டக்கூடிய கருவி. வாத்தியம் எதுவும் தெரியாத ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது. 2003இல் 'கலாங்' என்ற முதல் பாட்டு ஐந்நூறு பிரதிகளோடு வந்தது. 2005இல் முதல் ஆல்பம் 'அருளர்' வந்து, பிரிட்டனின் மேர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம்பிடித்தது. எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் இராணுவச் சுருக்கம்.

அருளர் யார்? இங்கேதான் மீதிப் பாதி தொடங்குகிறது.

அருளர் என்பது தந்தை அருட்பிரகாசத்தின் இயக்கப் பெயர். அவர் புலி அல்ல. 1975இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். இடதுசாரி வாசிப்பில் ஊறிய, மலையகத் தமிழரையும் தன் ஈழக் கணக்கில் சேர்த்துப் பேசிய இயக்கம் அது. 1970களில் அருளர் லெபனானில் பலஸ்தீன அமைப்புகளிடம் ஆயுதப் பயிற்சியும் பெற்றார். எழுத்தாளரும்கூட. 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலை வைத்து அவர் எழுதிய 'லங்கா ராணி' நாவல் 1978இல் வந்தது. எம்.ஐ.ஏ.யின் குடும்பக் கதையில் கொழும்பு நேரடியாக நுழையும் இடம் எனக்குத் தெரிந்து அந்தக் கப்பல்தான்.

ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பது எங்கள் தலைமுறைக்கு அரிவரிப் பாடம். ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகள் அவர் தந்தையைப் புலி என்றே பலமுறை எழுதின. சிங்கள ஊடகங்களிலும் அதே கதை. 1990இல் ஈரோஸின் ஒரு பகுதி புலிகளோடு கரைந்துபோனது குழப்பத்தைக் கூட்டியது. பிள்ளைகளுக்கோ தந்தையைத் தெரியாது. எப்போதாவது ஒளிந்து வந்தால் யாரோ உறவினர் என்றே அவர்களுக்கு அறிமுகம் செய்தார்களாம். ஆல்பத்துக்கு அவர் பெயரை வைத்ததற்கு எம்.ஐ.ஏ. சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. இணையத்தில் தன் பெயரைத் தானே தேடிப் பார்க்கும்போதாவது மகள் கண்ணில் படட்டும் என்றாராம். தந்தை கண்டுகொண்டார், பெயரை மாற்றச் சொன்னார், மகள் மாற்றவில்லை. அருளர் 2019இல் காலமானார்.

ஒலியில் செய்ததையே எம்.ஐ.ஏ. அரசியலிலும் செய்தார் என்பது என் வாசிப்பு. அவருடைய ஆரம்ப ஓவியங்களையும் ஆல்பம் அட்டைகளையும் பாருங்கள்: புலி, டாங்கி, கைக்குண்டு, எல்லாம் அச்சுத்தகட்டில் வெட்டி, மிட்டாய்க் கடை நிறங்களில் தெளித்தவை. 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் ஒரு வரியில் வருகிறது. அந்த வரியோடு காணொளியை ஒளிபரப்ப எம்.டி.வி. மறுத்தது. துண்டுகளை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்து இன்னோர் இடத்தில் ஒட்டும் அதே கை வேலைதான். ஒரு டிரம்ஸ் துண்டைப் பெயர்த்தால் யாருக்கும் வலிப்பதில்லை. புலியைப் பெயர்த்தால் நிலைமை வேறு. லண்டன் ஓவியக் கூடத்தில் அது ஓர் அழகிய ஆரஞ்சு நிறம். புறக்கோட்டையில் அது 1987 ஏப்ரல் 21ஆம் திகதி மத்திய பஸ் நிலையத்தில் நூறு பேருக்கு மேல் இறந்த மாலை, கோட்டையில் அது 1996 ஜனவரியில் மத்திய வங்கி வாசலில் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்த காலை. அந்த நிலையத்தில் பஸ் ஏறியவர்களில், அந்தக் கோட்டைப் பகுதியில் வேலை பார்த்தவர்களில் தமிழரும் இருந்தார்கள்.

அதற்காக, அவர் சொன்னது பொய் என்று கொழும்பில் இருந்துகொண்டு எந்தத் தமிழராலும் சொல்ல முடியாது. 'கலா' வெளிவந்த அதே 2007இல், ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில், வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்க உங்களுக்குத் தக்க காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது, பிரதமர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அன்று ஏற்றப்பட்டவர்களுக்கு எந்தப் பாட்டும் வெறும் பாட்டாக இருக்காது. எல்லையில் நிறுத்திப் பெயர் கேட்கும் 'பேப்பர் பிளேன்ஸ்' எங்களுக்குக் காலி வீதியின் சோதனைச் சாவடியில் நடந்தது.

2009இல் வன்னியில் போர் இறுகியபோது, கிராமி, ஒஸ்கார் என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகள் தன் முன்னால் ஒலிவாங்கி நீட்டிய ஒவ்வொரு முறையும் எம்.ஐ.ஏ. தமிழர் கொல்லப்படுவதைப் பற்றியே பேசினார். இனப்படுகொலை என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அரசாங்கம் மறுத்தது, அவர் இசையோடு நிற்கட்டும் என்றது. லொஸ் ஏஞ்சல்ஸில் வாழும் இலங்கை வம்சாவளி ராப் பாடகர் டெலோன், 2008இலேயே 'பேப்பர் பிளேன்ஸ்' மெட்டின் மேலேயே அவரைத் திட்டி ஒரு காணொளி வெளியிட்டு, பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று குற்றஞ்சாட்டினார். தான் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று எம்.ஐ.ஏ. பதில் சொன்னார். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறுதி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று அறிக்கை தந்தது. அரச படைகள் வைத்தியசாலைகள் மீது எறிகணை வீசியதையும், புலிகள் மக்களைத் தப்பவிடாமல் மறித்து, தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. எம்.ஐ.ஏ. முதற் பாதியை உலகம் காது கொடுக்காத காலத்திலேயே சத்தமாகச் சொன்னார். அது சாதாரண துணிச்சல் அல்ல. இரண்டாவது பாதி அவருடைய ஒட்டுப்படத்தில் இடம்பெறவே இல்லை. அவரைக் கொண்டாடுபவர்களும் வெறுப்பவர்களும் ஆளுக்கு ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2010இல் 'போர்ன் ஃப்ரீ' காணொளி வந்தது. செம்பட்டை முடி கொண்ட பையன்களை ஆயுதப் படை வேட்டையாடுகிறது. ஒரு சிறுவன் தலையில் சுடப்படுகிறான். ரொமெய்ன் கவ்ராஸ் இயக்கிய இந்த ஒன்பது நிமிடப் படத்தை யூடியூப் தடுத்தது. அதற்கு முந்தைய ஓகஸ்டில்தான், கட்டப்பட்ட நிர்வாண ஆண்களைச் சுடும் இலங்கைக் காணொளியைப் பிரிட்டனின் சனல் 4 காட்டியிருந்தது. உண்மையான படத்துக்கு எழாத கூச்சல் நடிப்புக்கு எழுந்ததே என்பது எம்.ஐ.ஏ.யின் ஆதங்கம். எனக்கு அந்தக் காணொளி பிடிக்கவில்லை, முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டதை ஒன்பது நிமிடம் அடித்துச் சொல்கிறது. ஆனால் ஆதங்கம் நியாயமானது.

அதே வருடம் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியது. விலையுயர்ந்த எண்ணெய் தடவிய உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றுகொண்டு புரட்சி பேசுகிறார் என்ற தொனி. கோபத்தில் அவர் நிருபரின் தொலைபேசி இலக்கத்தை ட்விட்டரில் போட்டார். அது கீழ்த்தரமான வேலை. பிறகு தன்னிடம் இருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். பொரியலை வரவழைக்கத் தூண்டியது நிருபர்தான் என்று அதில் கேட்டது. அவருடைய பேச்சின் இரண்டு துண்டுகளை வரிசை மாற்றி ஒன்றாக ஒட்டியிருந்ததையும் பத்திரிகை ஆசிரியர் குறிப்பில் ஒப்புக்கொண்டது. வாழ்நாளெல்லாம் வெட்டி ஒட்டியவரை இம்முறை வேறொருவர் வெட்டி ஒட்டியிருந்தார்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் போலில் 2012இல் நடந்த கதை பலருக்குத் தெரியும். மடோனாவோடு பாடிக்கொண்டிருந்தபோது, பதினொரு கோடிப் பேர் பார்த்த நேரலையில், கமராவுக்கு நடுவிரலைக் காட்டினார். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் படிப்படியாக ஒரு கோடியே அறுபத்தாறு இலட்சம் டொலர் வரை கேட்டது. 2014இல் வெளியே சொல்லாத ஓர் உடன்பாட்டில் முடித்தார்கள். பார்க்கப்போனால் அவருடைய சர்ச்சைகளிலேயே உப்புச்சப்பற்றது இதுதான். அந்த மாதமே வெளிவந்த 'பேட் கேர்ள்ஸ்' காணொளி, மொரோக்கோவின் பாலைவனத்தில் இரண்டு சில்லில் ஓடும் கார்களோடு, அதைவிட நூறு மடங்கு பேசப்பட வேண்டியது.

பிந்திய வருடங்களை வேகமாகவே கடக்கலாம். 2015இன் 'போர்டர்ஸ்' காணொளியில் அகதிகளை வேலிக் கம்பிகளில் எழுத்துகளாகத் தொங்கவைத்தார். மறுவருடம் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இயக்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்தால் லண்டனின் அஃப்ரோபங்க் விழாவிலிருந்து விலக நேர்ந்தது. 2018இல் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய ஆவணப்படம் சன்டான்ஸ் விழாவில் சிறப்புப் பரிசு பெற்றது. மாயா சிறுவயதிலிருந்து தானே பிடித்து வைத்திருந்த காட்சிகள் அதில் நிறைய உண்டு. 2019இல் பிரித்தானியப் பேரரசின் பெயரால் கொடுக்கும் எம்.பி.ஈ. விருதை ஏற்றுக்கொண்டார். அந்தப் பதக்கங்களுக்குத் தைத்துக்கொடுத்த பெண்களில் தன் தாயும் ஒருவர் என்று அப்போது எழுதினார். கொரோனாக் காலத்தில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசி, வோக் சஞ்சிகையில் வரவிருந்த கட்டுரையை இழந்தார். இயேசுவின் தரிசனம் கிடைத்தது என்று 2022இல் அறிவித்தார். இதில் பெரிய வேடிக்கை, அமெரிக்கப் பட்டியலில் அவர் பெயர் முதன்முறையாக முதலிடத்தில் வந்தது 2020இல், டிராவிஸ் ஸ்கொட்டின் 'ஃப்ரான்சைஸ்' பாட்டில் விருந்தாளியாக. தடுப்பூசிப் பேச்சை நான் துளியும் ஏற்கவில்லை. அரசாங்கம் சொல்வதை ஒருமுறைகூட நம்பியிராத குடும்பத்தில் வளர்ந்த மனம் அங்கே போய் முட்டிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை, அவ்வளவுதான்.

கொழும்பில் அவருக்கு நேரடி வாரிசுகள் இல்லை. 2000களின் நடுவில் கிரிஷான் மஹேசன் போன்றவர்கள் இங்கே தமிழில் ராப் செய்யத் தொடங்கியபோது அவர்கள் காது மலேசியாவின் யோகி பி. பக்கமும் சென்னை சினிமாப் பக்கமும்தான் இருந்தது. எம்.ஐ.ஏ. பாடியது லண்டன் தெருவின் ஆங்கிலத்தில். அதில் தமிழ் அங்கங்கே மசாலாவாகத்தான் வரும். "எங்கள் கதையை எங்களுக்கு விளங்காத மொழியில் பாடுகிறார்" என்று குறைப்படுபவர்கள் உண்டு. அவர் பாட்டு எங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல, எங்களைப் பற்றி மற்றவர்களுக்குச் செய்யப்பட்டது. அதை ஒப்புக்கொண்டு கேட்டால் ஏமாற்றம் குறையும்.

கேட்கத் தொடங்குபவர்கள் 'கலா'விலிருந்து தொடங்குங்கள், 'அருளர்' இரண்டாவதாக இருக்கட்டும். மலிவான ஒலிபெருக்கி வேண்டாம், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ் கேட்காவிட்டால் பாதி விஷயம் போய்விடும். 2010இன் 'மாயா' காது புண்ணாகும் அளவுக்கு இரைச்சல், அதை ஒத்திவைக்கலாம். 2013இன் 'மாதங்கி' மூன்றாவதாக வரட்டும். 2016இன் 'ஏ.ஐ.எம்.' ஆல்பத்தில் 'போர்டர்ஸ்' ஒன்றே போதும். 2022இல் வந்த 'மாதா'வை நான் இன்னும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டு 'காட்டுக்குயிலு' போட்டுவிட்டேன்.